பொதுத்தேர்வு வைத்தால் படிப்பு வளருமா?

பொதுத்தேர்வு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். விடைத்தாள் கட்டோடு முகப்புத் தாளைச் சேர்த்துத் தைக்கிற வேலை அது. முகப்புத் தாளில் மாணவரின் படம், பெயர், பதிவெண், பாடம், ஒரு பார்கோடு எல்லாம் அச்சாகி வந்திருக்கும். தேர்வு முடிந்து தாள்கள் திருத்தும் முகாமுக்குப் போகுமுன் பெயர் இருக்கிற பகுதியைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். திருத்தும் ஆசிரியர் கையில் இருப்பது யாரோ ஒருவருடைய கையெழுத்து, அவ்வளவுதான். எழுதியது பரமக்குடித் தையற்காரர் மகளா, அண்ணா நகர் மருத்துவர் மகனா என்று அவருக்குத் தெரியாது. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வித்தாள். கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கத் தருகிற பத்து நிமிஷம்கூட ஒன்றுதான். திருத்துவது ஒரே விடைக்குறிப்பை வைத்து.

தரப்படுத்திய தேர்வு என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். கேள்வி, நேரம், திருத்தும் முறை மூன்றும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னொரு பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள் மட்டும்தான் இந்த வகை என்று பலர் நினைக்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதுகிற நம் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ தேர்வுகளும் இதில் சேர்த்திதான். நீட் தேர்வு, ஒன்றிய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு, பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பீசா எல்லாமே ஒரே குடும்பம். குணம்தான் வேறு வேறு. தேர்வால் படிப்பு வளர்கிறதா கெடுகிறதா என்று நடக்கிற சண்டையில் பாதி, எந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசுவதால் வருகிறது.

முதலில் பொதுத்தேர்வின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேர்வைக் குறை சொல்பவர்கள், நானும்தான், இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கொரோனாவால் 2021இல் ப்ளஸ் டூ தேர்வு ரத்தானது நினைவிருக்கும். அப்போது மதிப்பெண் எப்படிப் போட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 சதவீதம். அதாவது எழுபது சதவீதம், அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்த பொதுத்தேர்வுகளிலிருந்து வந்தது. பள்ளி தானாகப் போடுகிற மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கல்லூரியில் இடம் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அகமதிப்பீட்டுக்கென்று இருக்கிற பத்து மதிப்பெண் எத்தனை பிள்ளைக்கு முழுசாக விழுகிறது என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் பிள்ளை, நிர்வாகத்துக்கு வேண்டிய பிள்ளை, சாதி, சலுகை என்று உள்ளூரில் நடக்கக்கூடிய அத்தனையும் அந்தக் கிழித்த முகப்புத் தாளோடு போய்விடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு ஒரு காப்பு. தேர்வே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இதற்கு மாற்றாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் அவர்கள் பின்னால் போகக் கூடாது.

ஆனால் நியாயமாகத் தேர்வு நடத்துவது வேறு, அந்தத் தேர்வால் வகுப்பறையில் படிப்பு வளர்வது வேறு. தேர்வை நாம் மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறோம். ஒருவரைத் தேர்ந்தெடுக்க அல்லது அவருக்குச் சான்று கொடுக்க. ஒரு மாநிலத்தின் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள. இந்த மூன்றையும் ஒரே தேர்வின் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வேலை வகுப்பறையில் என்ன செய்கிறது என்று பார்க்க, ஜனவரி மாதத்துப் பத்தாம் வகுப்புக்குள் போக வேண்டும். பாடம் முடிந்திருக்கும். திருப்புதல் தேர்வுகள் வரிசையாக நிற்கும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டிருப்பார். அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். சென்டம் வாங்கக்கூடியவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ‘மெல்லக் கற்போர்’. இது கல்வித்துறையே வைத்த பெயர். அவர்கள் கையில் ஒரு மெல்லிய கையேடு இருக்கும். கணக்குப் பாடத்தில் அந்தக் கையேடு என்ன சொல்லும் என்றால், செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டுக்கும் தலா எட்டு மதிப்பெண், அதை முதலில் பிடி என்று சொல்லும். பதினாறு வந்துவிட்டது. பிறகு ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. பெரும்பாலும் பாடத்துக்குப் பின்னால் அச்சிட்டிருக்கிறவைதான் வரும், விடையோடு உருப்போட்டால் போதும். ஆக முப்பது. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் கணக்கைப் போட்டுவிட்டால் 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். 35 வராவிட்டால் அந்தப் பையனுக்கு ப்ளஸ் ஒன் இல்லை, வேலைக்கான பல விண்ணப்பங்கள் இல்லை, வீட்டில் ஒரு வருஷம் தலைகுனிவு. மாலை ஆறு மணி வரை உட்கார்ந்து அவனைக் கரையேற்றுகிற ஆசிரியர் அவனுக்கு நல்லதுதான் செய்கிறார். என் கேள்வி அந்த 36ஐப் பற்றியது. அதைப் பார்த்து, பையனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு தெரியும் என்று முடிவுகட்டினால் தப்பு. அவனுக்குத் தெரிந்தது அந்தக் கேள்வித்தாளின் அமைப்பு. இயற்கணிதத்தில் பெரும்பகுதியை அவன் தொட்டிருக்கவே மாட்டான். மதிப்பெண் சரியாகத்தான் போடப்பட்டது, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் எதை அளக்கிறோம் என்று நினைத்தோமோ அதை அந்த எண் அளக்கவில்லை.

ஒரு தேர்வை எடைபோட இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, அதே பிள்ளை வேறொரு நாள் எழுதினாலும், வேறொருவர் திருத்தினாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருமா? இதில் நம் பொதுத்தேர்வு பரவாயில்லை. மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வழியும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எந்தத் தேர்விலும் சில மதிப்பெண் கூடக்குறைய விழத்தான் செய்யும். 586க்கும் 589க்கும் நடுவில் அறிவு வித்தியாசம் எதுவும் கிடையாது, கலந்தாய்வில் கல்லூரி வேண்டுமானால் மாறும். இரண்டாவது, அந்த மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுக்கிற முடிவு சரியானதா? இங்கேதான் 36 உதைக்கிறது.

பள்ளிகளும் அந்தப் பையனைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. நெடுங்காலம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவுக்கு மட்டும் பொதுத்தேர்வு, ப்ளஸ் ஒன்னுக்குப் பள்ளியே நடத்தும் தேர்வு என்று இருந்தது. அதனால் பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருஷமும் ஒரே புத்தகத்தை உருப்போட வைத்து, மே மாதம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 1200க்கு 1190 வாங்கிய பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போய் முதல் பருவத்திலேயே கணக்கில் அரியர் வைத்தது. ப்ளஸ் ஒன்னில் படித்திருக்க வேண்டியதை அது படித்திருக்கவே இல்லை.

அரசுக்கு இது தெரியும். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். அது நல்ல காரியம் என்பேன். அதை அடுத்து வந்த 2017–18 கல்வியாண்டில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோக்கம் சரியானதுதான்: பொதுத்தேர்வு வைத்தால் பாடத்தை நடத்தித்தானே ஆக வேண்டும்? நடத்தினார்கள். ஆனால் பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு, பதினாறில் ப்ளஸ் ஒன், பதினேழில் ப்ளஸ் டூ என்று தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுத வேண்டியதாயிற்று. சில மாதங்களிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றும் அறிவித்தார்கள். தேர்வு இருந்தது, அதன் எடை குறைந்தது.

தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தை ஓட்டுவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு நாலு ஷில்லிங் மானியம், தேர்வில் தேறினால் எட்டு ஷில்லிங். மூன்றில் ஒன்றில் தோற்றால் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் வெட்டு. ஆசிரியரின் சம்பளம் அந்த மானியத்தை நம்பி இருந்தது. விளைவு என்னவென்றால், பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சரளமாக ‘வாசித்தார்கள்’ என்று சொல்வதுண்டு. சரித்திரம், பூகோளம் எல்லாம் ஓரங்கட்டப்பட்டன, அதற்கு மானியம் இல்லையே! கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். அவரே இதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த முறை போக 1890கள் வரை ஆனது. நம் சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தருகிற ஏற்பாடு இருந்தது.

அமெரிக்கா இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டப்படி, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருஷமும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேறிய நிலைக்கு வர வேண்டும். தொடர்ந்து பின்தங்குகிற பள்ளிமேல் நடவடிக்கை, ஊழியர்களை மாற்றுவது வரைக்கும். இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒவ்வொரு பிரிவின் முடிவையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், சராசரிக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது. பலன் கொஞ்சம் கிடைத்தது. ஆய்வுகள் சொல்வது என்னவென்றால், கணக்கில், முக்கியமாகச் சின்ன வகுப்புகளில், முன்னேற்றம் தெரிந்தது. வாசிப்பில் சொல்லிக்கொள்கிறாற்போல் எதுவும் இல்லை.

கொடுத்த விலை அதிகம். தேர்ச்சி என்றால் என்ன என்று ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவுசெய்யலாம் என்று சட்டம் விட்டிருந்ததால், சில மாநிலங்கள் தேர்ச்சிக்கோட்டையே கீழே இறக்கின. பல இடங்களில் சமூக அறிவியல், ஓவியம், இசை வகுப்புகளின் நேரம் சுருங்கியது. அட்லாண்டா நகரில் நடந்தது உச்சம். அங்கே தேர்வு முடிவுகள் அதிசயமாக ஏறியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, விடைத்தாள்களில் ரப்பரால் அழித்த தடங்களை ஆராய்ந்தார்கள். தப்பான விடையை அழித்துச் சரியான விடை போட்ட தடம் இயல்புக்கு மீறி இருந்தது. அழித்துத் திருத்தியது பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் குற்றம் சாட்டியது. 2015இல் பதினொரு பேருக்குத் தண்டனை உறுதியானது. அதே 2015இன் கடைசியில் அந்தச் சட்டத்தையும் மாற்றிவிட்டு, பள்ளிகள்மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டார்கள்.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியல் ஆய்வாளர் இதை 1970களிலேயே சொல்லியிருந்தார். ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கு எவ்வளவு முடிவுகள் எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த எண்ணைத் திரிக்கும் அழுத்தம் கூடும். அது எதை அளக்க வந்ததோ அந்தக் காரியமும் கெடும் என்பது அவர் கருத்தின் சாரம். மெல்லக் கற்போர் கையேடு, ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காத பள்ளி, அட்லாண்டாவின் ரப்பர் எல்லாம் இதற்குள் அடங்கும். மூன்றும் ஒரே அளவு குற்றம் என்று சொல்லவில்லை. முதலாவது குற்றமே இல்லை.

சரி, யாருக்கும் பாஸ், ஃபெயில் இல்லாத தேர்வு வைத்தால்? இரண்டாவது வேலைக்கு அதுதான் சரியான வழி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதேதான். மாநிலத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்காரவைக்க வேண்டியதில்லை. சரியாகப் பொறுக்கி எடுத்த சில ஆயிரம் பேர் போதும், மாநிலத்தின் நிலை தெரிந்துவிடும். ஆனால் பானையின் மேலாக வெந்து கிடப்பதை மட்டும் நசுக்கிப் பார்க்கக் கூடாது. யாரை எடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் வெளியார் தீர்மானிக்க வேண்டும். யார் தலைக்கும் இதில் ஆபத்து இல்லாததால் யாரும் இதற்கென்று உருப்போட மாட்டார்கள். வந்தது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பீசா அப்படிப்பட்டது. 2009 சுற்றின் நீட்சியாக நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து இரண்டே மாநிலங்கள் கலந்துகொண்டன: தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். பள்ளிக்கல்வியில் முன்னணியில் இருப்பவை என்பதால்தான் இந்த இரண்டும். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 இடங்களில் தமிழ்நாடு 72, இமாச்சலம் 73. வாசிப்பில், அன்றாட வாழ்க்கைக்குத் தேவையென்று பீசா வைத்திருக்கும் அடிப்படை நிலையைத் தமிழ்நாட்டில் எட்டியவர்கள் 17 சதவீதம். அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதற்கு பீசா வெளியிட்ட மாதிரிக் கேள்வி ஒன்றைப் பாருங்கள். ஒரு கடையில் ஒரே தடிமனில் இரண்டு பீட்சா. ஒன்று 30 சென்டிமீட்டர் விட்டம், விலை 30. இன்னொன்று 40 சென்டிமீட்டர் விட்டம், விலை 40. எதை வாங்கினால் காசுக்கு லாபம், ஏன்? நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வட்டத்தின் பரப்பு πr² என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆரம் கொடுத்துப் பரப்பு காண் என்றால் நாலு வரியில் போட்டுவிடும். இங்கே யாரும் பரப்பு காண் என்று சொல்லவில்லை. முப்பதுக்கு முப்பது, நாற்பதுக்கு நாற்பது, இரண்டும் சமம் என்று எழுதத்தான் கை போகும். சின்னதன் பரப்பு 225π, பெரியதன் பரப்பு 400π. விலையால் வகுத்தால் ஒரு காசுக்குச் சின்னதில் 7.5π, பெரியதில் 10π. பெரியதுதான் லாபம். தெரிந்த சூத்திரத்தை எங்கே எடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நம் கேள்வித்தாள் அதைக் கேட்பதே இல்லை என்பதால் நம் வகுப்பறை அதைச் சொல்லித்தருவதும் இல்லை.

கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்திய அரசு சொன்னது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பீட்சாவுக்குப் பதில் ஊத்தப்பம் என்று போட்டிருந்தால் விடை மாறியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதன் பிறகு 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. முடிவு பிடிக்கவில்லை என்று அளப்பதை நிறுத்தியதால் 72 என்ற எண் மறைந்தது, 17 சதவீதம் அப்படியே இருந்தது.

உள்நாட்டிலும் சோறு பதம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வில், தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்கிறார்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். அவ்வளவுதான் தேர்வு. 2018இல் நாடு முழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் அதை வாசித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது நாலில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ் என்பதால் பள்ளிப் பதிவேட்டில் இது எங்கேயும் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆபத்தில்லாத தேர்வும் யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மத்தியப் பிரதேசத்தில் அரசு தன் ஆசிரியர்களைக் கொண்டே நடத்திய தேர்வின் கேள்விகளை, அதே பிள்ளைகளுக்கு வெளியார் மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் பெரிதும் இறங்கியது. யாருடைய சம்பளமும் அதில் தொங்கவில்லை. இருந்தும் ஆசிரியர் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறார்.

இன்னொரு தப்பு நாமே தினமும் செய்வது: பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தைப் பார்த்துப் பள்ளியை எடைபோடுவது. பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் ப்ளஸ் ஒன்னில் சேர்த்துக்கொள்ளும் பள்ளியில் நூறு சதவீதம் தேர்ச்சி வருவதில் என்ன சாமர்த்தியம்? வாசிக்கத் தடுமாறி ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை 88 சதவீதத்துக்குக் கொண்டுபோன அரசுப் பள்ளி அதைவிட அதிகம் சொல்லித்தந்திருக்கலாம். எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று தெரியாமல் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால், பள்ளிக்குள் நடந்ததைவிடப் பெற்றோரின் வசதிதான் அதிகம் தெரியும். நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தில், தேற மாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்புகிற வழக்கமும் ஊரறிந்தது.

நீட்டைப் பற்றி ஒரு வரி. அது பள்ளியை வளர்க்க வந்த தேர்வு இல்லை, ஆட்களை வடிகட்ட வந்த தேர்வு. அதைப் பள்ளிக்கல்விக்கு நல்லது என்று சொல்லும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன். 2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு சின்னத் தேர்வு. அதை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். எழுத்தே தெரியாதது அரும்பு. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்துதான் பாடம். இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் கிடையாது, நாளைக் காலையில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது மட்டும் தெரியும். வயதை விட்டுவிட்டு நிலையைப் பார்த்துச் சொல்லித்தரும் இந்த வழியைப் பிரதம் பல ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. பின்னால் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்றவர்கள் அதைச் சோதித்து, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். ஆசிரியர்களின் புலம்பலும் இருக்கிறது: தேர்வு நடத்துவதைவிட அதைச் செல்போன் செயலியில் ஏற்றுவதற்குத்தான் நேரம் போகிறது, நெட் வராமல் பீரியடே முடிந்துவிடுகிறது என்று. அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைக்காக வைத்த தேர்வு மேலதிகாரியின் அட்டவணைக்காக என்று ஆகிவிட்டால், அது மறுபடி முதல் வகையாகிவிடும்.

முடிவைச் சொல்லிவிட்டால் மட்டும் ஆசிரியர் மாறிவிடுவாரா? ஆந்திரக் கிராமங்களில் 2005 வாக்கில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் இதைச் சோதித்தார்கள். ஒரு நூறு தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று விரிவான குறிப்பு எழுதி ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அதிகாரம் இல்லை, மிரட்டல் இல்லை. வருஷக் கடைசியில் பார்த்தால், குறிப்பு தராத பள்ளிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. வேறு பள்ளிகளில், பிள்ளைகள் முன்னேறினால் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை என்றார்கள். அங்கே முன்னேற்றம் இருந்தது, ஊக்கத்தொகையில் சேராத பாடங்களிலும்கூட. கேட்டபோது ஆசிரியர்கள் கூடுதல் வகுப்பு எடுத்தோம், கூடுதல் வீட்டுப்பாடம் கொடுத்தோம் என்றார்கள். இந்தக் கட்டுரையில் இதுவரை நான் சொல்லிவந்ததற்கு இது முழுதாக ஒத்துவராது என்பது எனக்குத் தெரியும். அழுத்தம் என்றாலே கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் தேர்வு நடத்தியதும் திருத்தியதும் வெளியார், தொகை சிறியது, பிள்ளை தோற்றால் ஆசிரியருக்குத் தண்டனை கிடையாது. அளவுக்கோலை ஆசிரியர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, உழைப்புக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்கள். அட்லாண்டாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

ஆக, ஒரு புதுத் தேர்வு வருகிறது என்று அறிவிப்பு வரும்போது கேட்க வேண்டியவை: இது மூன்றில் எந்த வேலைக்கு? யார் நடத்துகிறார்கள்? முடிவு வந்த மறுநாள் வகுப்பில் என்ன மாறும்? 2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டில் அறிவித்தபோது மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லை. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் அது அதே வகுப்பில் அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருஷம் கேட்கும், அவ்வளவுதான். எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் எந்தக் காரணத்துக்காக அது வந்ததோ அந்தக் காரணம் இன்னும் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் வகுப்புகளுக்குப் பயமில்லை. நீட், ஜேஇஇ கேள்விகள் ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்தும் நிறைய வருவதால் அந்தப் புத்தகத்தை எந்தப் பள்ளியும் மூடிவைக்காது. வணிகவியல், கணக்குப்பதிவியல், வரலாறு எடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே பாடம் நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு பொதுத்தேர்வு வேண்டாம். கல்வி அலுவலர் யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் ப்ளஸ் ஒன் வகுப்புக்குள் போய், நாலு பிள்ளைகளின் கணக்குப்பதிவியல் நோட்டை வாங்கிப் புரட்டினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.